மூன்றாவது மறுப்பு

என்னைவிட ஒன்பது நாள் மூத்தவளுக்கு,

நீ போனை எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். கம்பெனியிலிருந்து லைல் கூப்பிட்டான். வேலையில்லை என்று வீட்டுக்கு அனுப்பிய விமானிகளைத் திரும்ப எடுக்கிறார்களாம். திங்கட்கிழமை நான் பயிற்சிக்கு வரவேண்டுமாம்.

"முதல்ல என் பொண்டாட்டியைக் கூப்பிடுப்பா," என்றேன். "ரெண்டு பேரும் ஒரே நாள்ல சேர்ந்தோம். வயசுல மூத்தவதான் சீனியர். அதைச் சொல்லியே வீட்டுல என்னைப் பாத்திரம் கழுவ வைக்கிறா."

சிரிப்பான் என்று நினைத்தேன்.

"உனக்குத் தெரியாதா? மூணு தடவை கூப்பிட்டோம், மூணு தடவையும் வேண்டாம்னுட்டாங்க. மூணாவது தடவையும் மறுத்தா அவ்வளவுதான், வெள்ளிக்கிழமையோட அவங்க சீனியாரிட்டி போயிடும்ப்பா."

சீனியாரிட்டி வரிசையில் நீ பதினான்கு வருடம் சேர்த்த இடம். அது போனால் எந்தக் கம்பெனியிலும் கடைசி ஆளாகத்தான் தொடங்க வேண்டும்.

பனிக்காலத்திலிருந்து நீ காரைத் தொடவில்லை. படியிறங்கும்போது சுவரைத் தடவுகிறாய். மருத்துவ விடுப்பு கேட்டிருந்தால் உன் இடம் அப்படியே நின்றிருக்கும். வெள்ளிக்கிழமைக்குள் கேட்டால் இன்னும் நிற்கும். இது உனக்குத் தெரியாததல்ல. ஆனால் அதற்கு மருத்துவர் பார்க்க வேண்டும். பார்த்தால் இனிப் பறக்கக் கூடாது என்று எழுதிவிடுவார். விமானிகள் எல்லோருக்கும் இருக்கும் பயம்தான்.

வியாழக்கிழமை காலை, துலூத் ஊரில் நீ போய்த் தங்கியிருக்கும் உன் அக்கா வீட்டுக்கு வருகிறேன். அங்கேயே கண் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். திட்டுவதாக இருந்தால் காரில் திட்டு. உள்ளே நானும் வருவேன். அவர் சொல்வதை நீ தனியாகக் கேட்க வேண்டாம்.

உன் கணவன்