பலகையில் பச்சை

நவம்பர் 4
இன்றும் இளைப்பு. மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, காற்று மாசை நிறத்தில் காட்டும் பலகை சந்திப்பில் நிற்கிறதே, அதைக் காட்டினார். "பாரு, பச்சை. காத்து சுத்தமாத்தான் இருக்கு. உனக்கு எல்லாம் மனசுலதான்." இந்தப் புகைமூட்டத்தில் என் மனசு மட்டும்தான் அழுக்கு போலிருக்கிறது.

நவம்பர் 7
வீடு மாற்றலாம் என்றேன். "போர்டு சிவப்பாகட்டும், மாத்தலாம்" என்றார். பேச்சு முடிந்தது.

நவம்பர் 13
மகளுக்கும் நெஞ்சில் விசில் சத்தம். "அம்மாவைப் பாத்து நடிக்கிறியா?" என்று அதட்டினார். பிள்ளை முகம் சுண்டிப்போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் இருமல்தான் வருகிறது, சண்டை எங்கே போடுவது?

நவம்பர் 18
மருந்துக்கடைக்குப் போகும் வழியில் பார்த்தேன். சந்திப்பில் தண்ணீர் லாரி. ஓட்டுவது இவர்தான். சாலையோரச் செடிகளுக்கு ஊற்றுவதாகத்தான் இத்தனை நாள் சொன்னார். செடியாவது, மண்ணாவது! காற்றை அளக்கும் பெட்டி இருக்கிறதே, அந்தக் கம்பத்தைச் சுற்றி மட்டும் குழாயால் தூறலாக அடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் பலகையில் சிவப்பு போய்ப் பச்சை வந்தது. நான் நின்ற இடத்தில் புழுதி அப்படியே பறந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"சூப்பர்வைசர் அடிக்கச் சொல்றாரு, அடிக்கிறேன். அதுக்கென்ன இப்போ?"

"அப்போ எங்களை நடிக்கிறோம்னு சொன்னது?"

"போர்டுல பச்சைன்னா பச்சைதான்." சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். பாவி மனுஷா! பெத்த பிள்ளைடா அது!

நவம்பர் 19
மகளிடம் சொல்லவில்லை. அப்பா என்றால் அவளுக்கு உயிர். அவர் பொய் சொல்கிறார் என்று எந்த வாயால் சொல்ல?

நவம்பர் 23
காலையில் எழுப்பப் போனேன். போர்வைக்குள், சத்தம் கேட்காதபடி தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு கிடந்தாள். உதடெல்லாம் நீலம்.

"ஏன்டி என்னைக் கூப்பிடலை?"

"போர்டு... பச்சையா இருந்துச்சும்மா."

நவம்பர் 25
இரண்டு நாளாக மருத்துவமனையில்தான். நுரையீரல் ரொம்பக் களைத்துவிட்டது என்கிறார் டாக்டர். இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே என்றார்.

மதியம் அவர் வந்தார். சட்டையில் ஈரம் காயவில்லை. இன்றும் போய் அடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். மகள் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினாள்.

"நான் நடிக்கலைப்பா."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "லாரியை வெளியில நிறுத்தியிருக்கேன்" என்று கிளம்பிவிட்டார். மாஸ்க்கை நான்தான் திரும்ப மாட்டிவிட்டேன்.