கல்யாணத்துக்கு வந்த விறகு

1997, ஆவணி 3, செவ்வாய்

சாரல் நின்று நல்ல காற்று. மகள் கோமதி கல்யாணத்துக்கு இன்னும் இரண்டே வாரம். பாக்கி வேலை: பந்தல், வாழை இலை, நாதசுரம், பாளையங்கோட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வர வேன், விறகு.

சமையலுக்குப் பேசிய தவசுப்பிள்ளை வந்து கொல்லையைப் பார்த்தார். கேஸ் அடுப்பு வைத்துக்கொள்ளலாமா என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"மறுவீட்டுச் சொதியைக் கேஸ்லயா வைக்கச் சொல்லுதீரு? தேங்காப்பால் திரிஞ்சு போவும் வே. நல்ல மலை வெறகாப் போடும். இல்லன்னா வேற ஆளைப் பாரும்."

மலையில் விறகு வெட்டக் கூடாது என்று காவல் போட்ட ஊர் வனக்குழுத் தலைவன் என்னிடமே மலை விறகு கேட்கிறார். சிரித்து வைத்தேன்.

ஆவணி 6, வெள்ளி

பிளஸ் ஒன்னுக்குப் பொருளியல் பாடம். ஒருவன் அனுபவிக்க, இன்னொருவன் அதற்கு விலை கொடுப்பது பற்றி. ஆலைக் கழிவு, ஆறு, கீழே குளிக்கிறவர்கள் என்று வழக்கமான உதாரணம். பிள்ளைகள் கொட்டாவி.

விறகுக் கடையில் இருப்பதெல்லாம் ஈரக் கருவேலம். வீட்டுக்கு வந்து சிவகாமியிடம் புலம்பினேன். அவள் ஏற்கெனவே ஏற்பாடு செய்துவிட்டாள்.

"நீங்க பேசாம இருங்க. வெறகு சொமக்குற மாடத்திகிட்டச் சொல்லியாச்சு. விடியுமுன்னே மலைக்குப் போயி கொல்லைப் பக்கமாக் கொண்டாந்து போட்டுருவா."

"காடு போனா தாமிரபரணியும் போகும்னு மைக்ல பேசுனவன் நான்."

"ஊருக்குத்தானே பேசுனீக. நம்ம வீட்டுக்கா பேசுனீக?"

காபி கேட்டேன்.

ஆவணி 10, செவ்வாய்

மாடத்தி பிடிபட்டாள். கால்வாய்ப் பாலத்தில், தலையில் விறகுக் கட்டோடு. பிடித்தவன் குழுவின் காவலாள் சுடலை. நான் வேலைக்கு வைத்த ஆள். யாருக்கு விறகு என்று கேட்டிருக்கிறான். தன் வீட்டுக்குத்தான் என்றாளாம், எங்கள் பெயரைச் சொல்லவில்லை.

விறகு சுமந்து விற்கும் பெண்களுக்குக் கறவை மாட்டுக் கடன், பதிலுக்கு அவர்கள் மலைக்குப் போகக் கூடாது. இதுதான் திட்டமே. மீறினால் வரிசையிலிருந்து பெயரை அடித்துவிடுவது. விதியை எழுதியவன் நான். வரிசையில் அடுத்த பெயர் மாடத்தி. மாடு வருமென்று தொழுவம்கூடப் போட்டு வைத்திருக்கிறாள். ஓலை இன்னும் பச்சை மாறவில்லை.



ஆவணி 12, வியாழன்

குழுக் கூட்டம். வேட்டி மாற்றும்போதே தீர்மானித்துவிட்டேன், சொல்லிவிடுவது என்று. சொல்லியும் விட்டேன். "அந்த வெறகு எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தது. மாடத்தி மேல தப்பில்ல."

பிறகு செயலாளர் நாராயணன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீயளா சார்வாள் மனசை! ஒரு ஏழைப் பொம்பளைக்காவ பழியத் தூக்கித் தன் தலையில போடுதாரு. அதுக்காவ நாம விதியை விட்டுர முடியுமா?"

எல்லோரும் கைதட்டினார்கள். இல்லை, நிஜமாகவே எங்கள் வீட்டுக்குத்தான் என்று இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கலாம். கைதட்டு காதுக்கு நன்றாக இருந்தது. உட்கார்ந்துவிட்டேன். மாடத்தி ஓரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பெயரை அடித்த தீர்மானத்தில் தலைவர் என்று கையெழுத்தும் போட்டேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஆட்கள் கும்பிட்டார்கள். வெட்கம் கெட்டவன், நானும் கும்பிட்டேன்.

ஆவணி 16, திங்கள்

காலையில் வாசலில் மாட்டு வண்டி. குழு பறித்து வைத்திருந்த விறகையெல்லாம் சுடலை இறக்கிக்கொண்டிருந்தான். எல்லாவற்றுக்கும் மேலே மாடத்தியின் கட்டு.

"செயலாளர் குடுத்துவிட்டாவ சார்வாள். சும்மா கெடந்து கரையான் அரிக்கு. கல்யாண வீட்டுக்கு ஆவும்லா."

திருப்பிக் கொண்டு போகச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். தவசுப்பிள்ளை ஒரு கட்டையை எடுத்துத் தட்டிப் பார்த்து, "இது வெறகு!" என்றார். நான் முற்றத்துக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தபோதே முறுக்குக்கு எண்ணெய் காய்ந்துவிட்டது.

முறுக்கு நல்ல மொறுமொறுப்பு. மூன்று தின்றேன்.

ஆவணி 19, வியாழன்

முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. வெயில். பாயசம் கொஞ்சம் தட்டுப்பாடு. கோமதி அழவில்லை, நான்தான் அழுதேன். பெண்ணைப் பெற்றவன் அழுகிறான் என்று ஊர் நினைத்திருக்கும்.

காலையில் மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரம். கொல்லை வாசலில் மாடத்தி நின்றாள். சண்டை போட வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பந்தலில் அத்தனை பேர் இருக்கிறார்கள். அவளோ பையப் பேசினாள்.

"சார்வாள், வெறகுக் கட்டோட என் கயிறும் இங்கன வந்துட்டு. அது மட்டும் வேணும்."

"இப்ப எதுக்கு?"

"மாடுதான் இல்லன்னு ஆயிட்டே. விடிய மலைக்குப் போவணும்."

வனக்குழுத் தலைவனிடமே சொல்கிறாள். சரி என்று தேடினேன். பந்தல்காரன் அந்தக் கயிற்றால் வாசல் வாழை மரத்தைக் கட்டியிருந்தான். அவிழ்த்தால் மரம் சாயும். தெருமுனையில் வேன் ஹாரன்.

"நாளைக்கு வா" என்றேன்.

"சரி சார்வாள்."

போய்விட்டாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.