நாலுக்கும் ஏழுக்கும் நடுவே

என் சண்டைக்கார அக்காவுக்கு,

சுகமா என்று கேட்டால் சிரிப்பாய். போனவளிடம் சுகம் விசாரிக்கிற விசரி நீ ஒருத்திதான் என்பாய். ஆகையால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷத்து ஹொக்கி முடிந்துவிட்டது. மாகாணப் போட்டியில் அரையிறுதி வரைக்கும் போனோம், அங்கே தோற்றோம். மேசையில் பிள்ளைகளின் புள்ளித் தாள் கிடக்கிறது. நாளைக்கு அதை அனுப்ப வேண்டும். எல்லாருக்கும் எழுதியாயிற்று, டிலானியின் பெயருக்கு நேரே மட்டும் ஒன்றும் எழுத முடியவில்லை. அதனால்தான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பாடசாலை மலரில் போடுவதற்கு உன்னைப் பற்றி ஓர் அஞ்சலி எழுதித் தரும்படியும் கேட்டிருந்தார்கள். ‘அன்னார் சிறந்த விளையாட்டு ஆசிரியையாகத் திகழ்ந்தார்’ என்று தொடங்கிப் பார்த்தேன். உன்னை அன்னார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. காலையில் குளியலறைக் கதவைத் தட்டி, “உள்ள இருக்கிறியோ, பூமிக்குள்ள போயிட்டியோ?” என்று கத்துகிறவளை எப்படி அன்னார் ஆக்குவது? இந்தக் கடிதத்தையே கொடுக்கப்போகிறேன். போட்டால் போடட்டும்.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நம் வீட்டு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ விளையாட்டு ஆசிரியை, பெண் பிள்ளைகளின் ஹொக்கி அணி உன் பொறுப்பு. நான் அதே பாடசாலையில் மனையியல் படிப்பிக்கிறவள். மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றும் எனக்குச் சரியாகத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு போட்டிக்கும் தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு வந்து மைதானத்து ஓரத்தில் நிற்பேன். பிள்ளைகளுக்கு நீ பெரிய டீச்சர், நான் சின்ன டீச்சர். போட்டி முடிந்து உப்புக்குளத்து வீட்டுக்கு வந்ததும் நீ குசினியில் மீன் வெட்டத் தொடங்குவாய். வெட்டிக்கொண்டே ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்துக்கு எத்தனை என்று சொல்லுவாய். நான் மேசையில் இருந்து எழுத வேண்டும். ஆனால் எழுத மாட்டேன். அங்கேதான் தொடங்கும்.

“டிலானிக்கு நாலு.”

“நாலோ? உனக்குக் கண் தெரியுதோ அக்கா? அவளுக்கு ஏழு.”

“பந்தை விட்டிட்டுத் தலையில கை வைச்சுக்கொண்டு நிக்கிறாள், செத்த வீட்டில நிக்கிற மாதிரி. அதுக்கு ஏழோ?”

“பந்துக்குப் போறவள்தானே அதை விடுவாள்? போகாதவள் என்னெண்டு விடுறது?”

“நீ கருகின கேக்குக்கே புள்ளி போடுறவள். உன்ர கதையை விடு.”

இப்படியே ஓரா மீனும் வெட்டி முடியும், நீ ஆறுக்கு இறங்கி வந்திருப்பாய். இல்லை, ஏறி வந்திருப்பாய். மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து அடுத்த வீட்டு றசீனா, “இண்டைக்கு ஆருக்கு டீச்சர் அடி விழுது?” என்று கேட்பாள். திங்கட்கிழமை பயிற்சிக்கு முன் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் புள்ளிகளை வாசிப்பாய். வாசித்து முடித்து, “சின்ன டீச்சருக்கு நன்றி சொல்லுங்கோ. அவ வீட்டில இல்லாட்டி உங்களுக்கு இதில பாதிதான்” என்பாய். பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருக்கும்.

மாரி விடுவதற்கு முன்னே நீ போய்விட்டாய். நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது என்றாய், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலும் முச்சக்கரவண்டிக்காரரை மெதுவாக ஓடச் சொல்லி ஏசினாய். அதற்குப் பிறகு நடந்ததை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

புதுசாக ஒருவரை நியமிக்கும் வரைக்கும் அணியை என்னைப் பார்க்கச் சொன்னார் அதிபர்.

“எனக்கு மட்டை பிடிக்கவே தெரியாது சேர்.”

“பிடிக்கிறது பிள்ளையள்தானே டீச்சர். வீட்டில நீங்கள் ரெண்டு பேரும் அதைத்தானே கதைக்கிறனீங்கள். பாருங்கோ.”

பார்த்தேன். முதல் போட்டி எங்கள் மைதானத்தில்தான். மைதானத்தில் மேய்ந்த கழுதைகளைத் துரத்தி, கோட்டுக்குச் சுண்ணாம்பு போட்டு, காற்றுக்கு வாயை மூடிக்கொண்டு நின்றேன். வென்றோம். வரும் வழியில் சந்தையில் மீன்காரர் பழக்கத்தில் இரண்டு பேருக்கு நிறுத்துத் தந்தார், நானும் பழக்கத்தில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மேசையில் இருந்து, “டிலானிக்கு ஏழு” என்று சத்தமாகச் சொன்னேன். சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

ஒருவரும் குறைக்கவில்லை. குசினியில் குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும்தான். அந்த ஏழு புள்ளியைத் தாளில் எழுதினேன், பார்க்கப் பார்க்க அது பொய் போல இருந்தது. நீ ஏசி, நான் ஏசி, பிறகு வந்த புள்ளியில்தான் எனக்கு நம்பிக்கை இருந்தது போல. சும்மா கிடைத்ததில் இல்லை. அன்றைக்கு மீன் வெட்ட மனம் வரவில்லை, றசீனாவிடம் கொடுத்துவிட்டேன்.

அடுத்த போட்டி முடிந்து வந்து வேறு மாதிரிச் செய்தேன். சொன்னால் சிரிக்காதே. குசினி வாசலில் நின்று, தொண்டையைக் கொஞ்சம் தடிப்பாக்கி, உன்னைப் போல, “நாலு. செத்த வீட்டில நிக்கிற மாதிரி நிக்கிறாள்” என்றேன். அக்கா, நீ உள்ளே வந்தது போல இருந்தது. பிறகு ஜெனிற்றாவுக்குப் புள்ளி சொன்னேன், சுகன்யாவுக்குச் சொன்னேன். எல்லாருக்கும் உன் வாயால் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் றசீனா மதிலால் எட்டிப் பார்த்தாள்.

“ஆரும் வந்திருக்காங்களோ டீச்சர்? பேச்சுச் சத்தம் கேட்டிச்சு.”

“இல்லை, ரேடியோ” என்றேன்.

அவள் நம்பவில்லை. ஒரு கோப்பை இடியப்பப் பிரியாணி தந்துவிட்டுப் போனாள்.

அன்று தொடங்கியது, வருஷம் முழுக்க அப்படியே போயிற்று. நீ கேட்க ஆசைப்படுவாய் என்பதால் சொல்கிறேன். வங்காலை ஜெனிற்றாதான் இப்போதும் தலைவி. அடி பலம், ஆனால் தலையை நிமிர்த்திப் பார்க்காமல் அடிக்கிறாள் என்று உன் வாயால் திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசிப் போட்டிகளில் நிமிர்ந்து பார்த்து அடித்தாள், அதனால் அவளுக்குப் புள்ளி ஏறியது. சுகன்யா இந்த வருஷம் எல்லாரையும் விடக் கூடுதலாகக் கோல் போட்டாள். போட்டுவிட்டுத் தடுக்கத் திரும்பி ஓடுவதில்லை. “கோல் அடிச்சா பெரிய இடத்துப் பொம்பிளையோ?” என்று நீ கேட்டிருப்பாய், நானும் கேட்டேன். கோல் காக்கிற றிஸ்னாவை நீ நம்ப மாட்டாய். கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவள், யாழ்ப்பாணத்துப் போட்டியில் துணிந்து முன்னுக்கு ஓடிவந்து பந்தைக் காலால் உதைத்துத் தள்ளினாள். அவளுக்கு எட்டுக்குக் குறைய உன் வாயாலும் எனக்குச் சொல்ல வரவில்லை.

டிலானிக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் நாலு. நீ என்ன சொல்லுவாய் என்று எனக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது அவள் விஷயத்தில்தான். நாலு என்று சொல்லும்போதுதான் உன் குரல் எனக்குச் சரியாக வரும். ஆகையால் அதை விட மனம் வரவில்லை.

அதற்குள் மாகாண அணிக்குத் தெரிவு செய்கிறவர்களிடமிருந்து தகவல் வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் வருஷத்துப் புள்ளி அனுப்ப வேண்டும். ஆறுக்குக் குறைந்த பிள்ளைகளைத் தெரிவுக்கே கூப்பிட மாட்டார்கள். டிலானிக்கு வயசு எல்லை இந்த வருஷத்தோடு முடிகிறது. கூப்பிடாவிட்டால் அவளுக்கு ஹொக்கி அத்தோடு சரி. தாழ்வுபாட்டுக் கிராமத்திலிருந்து காற்றுக்கு எதிராகச் சைக்கிள் மிதித்து வருகிற பிள்ளை. இதெல்லாம் தெரிந்துகொண்டேதான் இன்றைக்கு, திங்கட்கிழமை, பயிற்சிக்கு முன் வருஷத்துப் புள்ளியை வாசித்தேன். “டிலானி, நாலு.” நன்றி சொல்லச் சொல்வதற்கு அங்கே ஒருவரும் இல்லை. பிள்ளைகள் சிரிக்கவும் இல்லை.

பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு அவள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் கோபமாக இருந்தாள்.

“பெரிய டீச்சர் மைதானத்தில வைச்சு நாலு எண்டு சொன்னா எனக்குக் கோவம் வாறேல்லை டீச்சர். வீட்டை போய் நீங்கள் கதைப்பீங்கள் எண்டு தெரியும்.”

“இந்த வருஷம் நீ பந்தை எவ்வளவு விட்டனீ எண்டு உனக்கே தெரியும்தானே?”

“ஓம். விட்டனான். இல்லையெண்டு சொல்லேல்லையே.” மணியை விரலால் சுரண்டிக்கொண்டே நின்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: “பெரிய டீச்சர் போயிட்டா. சின்ன டீச்சருக்கு என்ன நடந்தது?”

நான் குனிந்து தண்ணீர்ப் போத்தல்களைப் பொறுக்கத் தொடங்கினேன். அவள், “வாறன் டீச்சர்” என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

அக்கா, உன்னை வீட்டுக்குள் வைத்திருப்பதற்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதுதான் உண்மை. உன் இடத்தில் நானே போய் நின்றுகொண்டேன். என் இடத்தில் நிற்க ஆள் இல்லாமல் போனதை நான் யோசிக்கவே இல்லை. எனக்குத் தனிமை, அதற்கு ஒரு பிள்ளையின் புள்ளியில் வெட்டினேன். நீ எவ்வளவு குறைத்தாலும் பிள்ளையைப் பார்த்துத்தான் குறைத்தாய். நான் பிள்ளையைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்தேன்.

இன்றைக்குப் பின்னேரம் வீட்டுக்கு வந்து அரையிறுதியை என் கண்ணால் நினைத்துப் பார்த்தேன். டிலானி பந்தை விட்டாள், பல தரம் விட்டாள். ஏன் விட்டாள்? மற்றவர்கள் எல்லாம் எதிரணிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நிற்க, மட்டையை நீட்டிப் பந்தைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். எல்லாரும் அவளிடமே தள்ளினார்கள். கடைசிக் கோலும் அவள் விட்ட பந்தால்தான் விழுந்தது. தலையில் கை வைத்தாள், உன் குரலில் நான் அதை மட்டும்தான் பார்த்தேன். அதற்கு அடுத்து நடந்ததும் என் கண்ணுக்கு முன்தான் நடந்தது. ஆட்டம் திரும்பத் தொடங்கியதும் அவள்தான் முதலில், “இஞ்ச தா! எனக்குத் தா!” என்று கத்திக்கொண்டு ஓடினாள். தன்னால்தான் தோற்கிறோம் என்று மைதானம் முழுக்கத் தெரிந்த பிறகும் கேட்டாள். எனக்கு அந்தத் துணிவு இல்லை. நீ போன பிறகு நான் யாரிடமும் ஒன்றும் கேட்டதில்லை. றசீனா வாசலில் வந்து நின்றால்கூட ரேடியோ என்று பொய் சொல்லுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கட்டா? நான் ஏழு சொல்லுவேன் என்று தெரிந்துதானே நீ நாலு சொன்னாய்? நான் அந்த மேசையில் இல்லாமல் இருந்திருந்தால் நீயே ஏழு போட்டிருப்பாயோ? அல்லது உண்மையாகவே அவள் உன் கண்ணுக்கு நாலுதானோ? இத்தனை வருஷம் சண்டை பிடித்தோம், இதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. உன் குரலில் எல்லாம் சொல்ல எனக்கு வருகிறது, இதற்கு மட்டும் பதில் சொல்ல வரவில்லை.

ஆறு போட்டால் போதும், அவளைக் கூப்பிடுவார்கள். ஆனால் ஆறு என்பது நீயும் நானும் சேர்ந்து போடுகிற புள்ளி. நீ இல்லாமல் நான் எப்படி ஆறு போடுவது? என்னிடம் இருப்பது ஏழுதான். தாளில் ஏழு எழுதிவிட்டேன். மையும் காய்ந்துவிட்டது. கேட்கிறவர்களுக்கு அரையிறுதியில் நான் கண்டதைச் சொல்லுவேன். தெரிவில் அவளை எடுத்தாலும் சரி, எடுக்காவிட்டாலும் சரி, வருகிற திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னால் அந்த நாலைத் திருத்தி ஏழு என்று வாசிப்பேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி உன் குரலில் பேச மாட்டேன். வீடு வெறிச்சென்றுதான் இருக்கும், எனக்குப் பயமாகவும் இருக்கிறது. ஆனாலும் பேச மாட்டேன். இந்தப் பிள்ளைகளுக்கு இனி என் புள்ளிதான். அது கூடிப்போயிற்று என்று நினைத்தால், குறைக்கிறதென்றால், நீயே வந்து குறை.

உன் கணக்கை ஒருநாளும் ஒத்துக்கொள்ளாத,
தங்கச்சி