இயற்றியவர் பெயர்

தென்காசி,
10-6-1938

அன்புள்ள அத்தானுக்கு ஆவுடைத்தாய் வணக்கமாய் எழுதுவது.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. பல்கலைக்கழகத்தில் தங்கி வாசிக்கும் நான்கு வித்வான்களில் ஒருவராய் நீங்கள் பிடிலோடு ரயிலேறி ஆறு மாதம் ஆகிறது. குடியிருக்க வீடு கொடுத்ததும் என்னை அழைத்துக்கொள்வதாகச் சொன்னீர்கள். "தனியாப் பாடிக்கிட்டே இருக்கியே, யாருக்கு ஏட்டி?" என்று பக்கத்து வீட்டுப் பாத்திமுத்து கேட்கிறாள்.

இலஞ்சி முருகன் மேல் நான் கட்டிய பாட்டு முடிந்துவிட்டது. சுரம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். வாசித்துப் பாருங்கள்.

உங்கள்
ஆவுடை


பல்கலைக்கழக விடுதி,
2-8-1938

பிரியமுள்ள ஆவுடைக்கு,

வீடு இன்னும் கிடைக்கவில்லை. உன் பாட்டை நாங்கள் நால்வரும் மாணவர்கள் முன் வாசித்தோம். வாய்ப்பாட்டுக்காரர் சரணத்தை மூன்று தடவை பாடினார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. பாடமாகவே வைக்கப் போகிறார்கள். வேளைக்குச் சாப்பிடு.

செல்லப்பா


தென்காசி,
20-9-1938

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன். நேற்று சுரண்டை வாத்தியார் செல்லச்சாமி அண்ணாச்சி உங்கள் பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்து, அச்சடித்த பாட்டுத்தாளைக் காட்டினார். "ஒம் மாப்பிள்ள பாட்டெல்லாம் கட்டுதாரு, நீ சொல்லவே இல்லியே" என்றார். 'இயற்றியவர் செல்லப்பா' என்று இருந்தது. அச்சுப் பிழையாக இருக்கும் என்றேன். பிழைதானே? ஒரு வரி எழுதுங்கள்.

ஆவுடை


பல்கலைக்கழக விடுதி,
15-10-1938

ஆவுடைக்கு,

யார் பாட்டு என்று கேட்டார்கள். எங்கள் வீட்டுப் பாட்டு என்றேன். "உம்முடையதா?" என்றார்கள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இனி மாற்றிச் சொன்னால் மற்ற மூவரும் என்னோடு மேடையில் உட்கார மாட்டார்கள். நமக்குள் உன்னுடையது, என்னுடையது என்று உண்டா?

வீடு கொடுத்துவிட்டார்கள். உடனே புறப்பட்டு வா. இங்கே இதைப் பற்றி யாரிடமும் பேசாதே.

செல்லப்பா


தென்காசி,
30-10-1938

அத்தானுக்கு,

சேலைகளைப் பெட்டியில் அடுக்கிய பிறகு, உங்கள் கடைசி வரியைத் திரும்பப் படித்தேன். சேலைகளை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டேன்.

சஷ்டிக்கு இலஞ்சிக் கோயிலில் பாடினேன். "மாப்பிள்ள பாட்ட நல்லாப் படிக்கியே தாயி" என்றார் செல்லச்சாமி அண்ணாச்சி. "அது நான் கட்டினது அண்ணாச்சி" என்றேன். அவர் சும்மா தலையாட்டினார். நம்பவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு நான் எழுத மாட்டேன். உங்கள் இடம் உங்களுக்கு இருக்கட்டும். ஆனால் அந்த வீட்டில் வாயைக் கட்டிக்கொண்டு என்னால் இருக்க முடியாது. இங்கே தனியாக இருப்பது பழகிவிட்டது என்றால் அது பொய். இரண்டு பேருக்கு உலை வைத்துவிட்டு, பிறகு பாதி அரிசியை அள்ளி எடுக்கிறேன்.

புதிதாக ஒரு பாட்டு வந்துகொண்டிருக்கிறது. அதை உங்களுக்கு அனுப்பப் போவதில்லை.

ஆவுடைத்தாய்