லெவோனா என்று கூப்பிடலாமா?

உ

பலெர்மோ
14.01.1997

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மகள் அகஸ்ரீனாவை இங்கே இத்தாலியில் கட்டிய நகுலேஸ்வரன் எழுதுகிறேன். கிழித்துப் போட முதல் ஒரு சந்தோஷச் செய்தி: அவ பிள்ளைத்தாச்சி. பங்குனியில் பிள்ளை. பொலிதேயாமாப் பக்கம் ஒரு இத்தாலியச் சீமாட்டி வீட்டில் செய்த வேலையை விட்டுவிட்டா. நான் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறேன்.

நான் வேதக்காரன் இல்லை, சைவக்காரன் என்று நீங்கள் இரண்டு வருஷமாக அவவோடு கதைப்பதில்லை. என்னில் கோபம் இருக்கட்டும். அவவோ, “அப்பா சம்மதிக்காமல் என்ரை பிள்ளைக்குப் பேர் வைக்க விடமாட்டன்” என்று ஒற்றைக்காலில் நிற்கிறா. தாயில்லாதவ, நீங்களும் இல்லையென்றால் எப்படி? ஒரு பேர் எழுதி அனுப்புங்கள்.

பணிவுடன்,
மருமகன் நகுலேஸ்வரன்


சேசு மரி சூசை

பேசாலை
20.02.1997

நகுலேஸ்வரனுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. தலையில் பிள்ளையார் சுழி போட்டிருந்தீர், அதை விரலால் மறைத்துக்கொண்டு வாசித்தேன்.

நான் பூசைக்குச் சுவாமிக்கு உதவி செய்கிற கோயில் மூப்பன். என் பேரப்பிள்ளைக்கு வேதப்புத்தகத்தில் உள்ள பேர்தான் வேண்டும். எது என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் கலியாணத்துக்கும் சம்மதம் சொன்னதாகிவிடும். நீரே தேடி எழுதும். பிடிக்காவிட்டால் இதுதான் என் கடைசிக் கடிதம்.

இன்னொன்று. தாய் இருந்தால் அவள் சொல்லியிருப்பாள், இப்போது ஆம்பிளை நான் எழுத வேண்டிக் கிடக்கிறது. தலை முழுகினால் தாய்க்கும் பிள்ளைக்கும் சாம்பிராணிப் புகை பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் சளி பிடித்துத் தடிமன் வரும்.

அவளுக்குக் கால் வீங்குகிறதா?

சுவாம்பிள்ளை


உ

பலெர்மோ
24.03.1997

அன்புள்ள மாமா,

பொம்பிளைப் பிள்ளை! இரண்டு பேரும் சுகம். மூக்கு அப்படியே உங்களுடையதாம், அதுக்கு நான் பொறுப்பில்லை.

சாம்பிராணிக்குக் கடை கடையாக அலைந்தேன். கடைசியில் பங்குச் சாமியார்தான் கோயிலில் இருந்து ஒரு கை அள்ளித் தந்தார். தக்காளி அடைத்து வந்த வெறும் ரின்னில் தணல் போட்டுப் பல்கனியில் புகை பிடித்தோம். கீழ்வீட்டு மனுசி நெருப்புப் பிடித்துவிட்டது என்று கத்த, தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது! ஏணியில் ஏறி வந்தவன், தலையை விரித்தபடி இருந்த அகஸ்ரீனாவையும் மடியில் தும்மிக்கொண்டிருந்த பிள்ளையையும் கண்டு, மாதாவையும் பாலனையும் கண்டவன் போலத் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டான்.

சாமியாருக்கு இதைச் சொல்ல, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, “மோசேயிடம் ஆண்டவர் தூபத்துக்குக் கேட்ட பிசின் அது. எபிரேயத்தில் லெவோனா” என்றார். எனக்குப் பொறி தட்டியது. வேதப்புத்தகத்தில் இருக்கிற பேர். என் அம்மா பிள்ளையாருக்குப் போடுவதும் சாம்பிராணிதான்.

“அப்பாவைக் கேட்காமல் வேண்டாம்” என்று அகஸ்ரீனா அழுதா. ஆனால் பிறப்புப் பதிவுக்கு இங்கே தவணை முடிகிறது. இன்று காலை நகரசபையில் ‘லெவோனா’ என்று பதிந்துவிட்டேன். குற்றம் என்னுடையது, அவவுடையது இல்லை. கோபத்தை என்னோடு வைத்துக்கொண்டு, அவவுக்கு இரண்டு வரி எழுதுங்கள்.

நகுலேஸ்வரன்


சேசு மரி சூசை

பேசாலை
02.05.1997

அன்பு மருமகனுக்கு,

கேட்காமல் பேர் வைத்துவிட்டீரோ? என்ன துணிச்சல் ஐயா உமக்கு! கடிதத்தை வாசித்து முடிக்க முதலே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். பங்குச் சுவாமி வேதப்புத்தகத்தில் யாத்திராகமத்தை விரித்தார். சாம்பிராணி என்று தமிழில் கிடக்கிறது. எத்தனை வருஷம் தூபக்கலசத்தில் போட்டு ஆட்டியிருப்பேன்! அது என் பேத்தியின் பேராய் வந்து நிற்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

தீயணைப்புக்காரன் கதையைச் சுவாமி பூசை முடிவில் சொல்லிவிட்டார். ஊரே சிரிக்கிறது. நான் வீதி முழுக்க ரொபி, இனிப்புக் கொடுத்தேன். கொடுக்கும்போதெல்லாம் லெவோனா, லெவோனா என்று சொன்னதில் வாய்க்கும் பழகிவிட்டது. நல்ல பேர்.

கொழும்புக்குப் போக ஆமிக்காரரிடம் பாஸ் எடுத்துவிட்டேன். அங்கே என் தம்பி வீட்டில் ரெலிபோன் இருக்கிறது, நம்பர் மறுபக்கத்தில். யூன் முதல் ஞாயிறு பூசைக்குப் பிறகு எடுங்கள். பிள்ளையையும் ரெலிபோனுக்குக் கிட்டப் பிடியுங்கள், நான் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். மகள் அழுவாள், நானும் அழுவேன், அதுக்குள் உங்கள் காசு முடிந்துவிடும். ஆனபடியால் முதலில் நீர் கதையும். உம்முடைய குரலை நான் இன்னும் கேட்டதில்லை.

உம்முடைய மாமா,
சுவாம்பிள்ளை