என் கணவரின் பெயரில் உங்கள் நோய்

என் உயிரான பெரியண்ணைக்கு,

நீங்கள் கண்மூடி இரண்டு வருடமாகிறது. எல்லாரும் சுகம் என்று தொடங்கத்தான் நினைத்தேன். சுகமில்லை அண்ணை. என் தலை குழம்பிப்போய்க் கிடக்கிறது, அதற்குக் காரணமும் நீங்கள்தான். கோபிக்காதீர்கள்.

உங்களுக்கு வலிப்பு வரத் தொடங்கியபோது, எங்கள் ஊர் தொண்டைமானாற்றில் ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனோமே. வாசலில் மருந்துத் துண்டு எழுதுகிறவர் பெயர் கேட்டதும் நீங்கள் முழித்தீர்கள். நான்தான் முந்திக்கொண்டு என் கணவரின் பெயரையும் எங்கள் வீட்டு விலாசத்தையும் சொன்னேன். உங்கள் இருவருக்கும் ஒரே வயதுதானே. உங்கள் வீட்டில் பொம்பிளைப்பிள்ளையை வைத்துக்கொண்டு வலிப்பென்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா? வெளியே வந்து சிரித்தோம். ஆஸ்பத்திரிக் கொப்பியில் எழுதியது கொப்பியோடு போய்விடும் என்றுதான் நினைத்தோம்.

போன கிழமை இருமலுக்கு மருந்தெடுக்க இவரோடு இங்கே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழைய கொப்பிகளையெல்லாம் கணினியில் ஏற்றி, எல்லா ஆஸ்பத்திரிகளையும் இணைத்துவிட்டார்களாம். இளம் டொக்டர் பிள்ளை திரையைப் பார்த்துவிட்டு, "ஐயா, வலிப்புக்குக் குடிச்ச குளிசையை ஏன் விட்டனீங்கள்?" என்றாள்.

"எனக்கோ? வலிப்போ?" இவர் சிரித்தார்.

"என்ன வேலை செய்யிறீங்கள்?"

"பள்ளிக்கூட வான் ஓடுறன், பிள்ளை."

அவள் பேனையைக் கீழே வைத்தாள். "பிள்ளையளை ஏத்திக்கொண்டு ஓட விடேலாது ஐயா. உது பிழையெண்டால், மருந்தெடுத்தது ஆரெண்டு எழுதித் தாங்கோ. திருத்துவம்."

அன்றிலிருந்து வான் முற்றத்தில் நிற்கிறது. "என்ரை பேரிலை ஆரப்பா மருந்தெடுத்தது?" என்று இவர் என்னிடமே கேட்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான்தானே.

எழுதிக் கொடுத்தால் உங்கள் பெயர் கணினியில் ஏறும். உங்கள் மகள் வாணிக்குச் சம்பந்தம் பேசி முடிகிற நேரம் இது. எங்கே இருந்து யார் தட்டிப் பார்ப்பார்கள், யார் போய் மாப்பிள்ளை வீட்டில் சொல்வார்கள்? ஆனால், நாளைக்கு வாணிக்கே அந்த வலிப்பு வருத்தம் வந்தால், குடும்பத்தில் யாருக்கும் இருந்ததா என்று டொக்டர் கேட்கும்போது அவள் என்ன சொல்வாள்? செத்துப்போனவரின் நோய் யாருக்குச் சொந்தம் அண்ணை? உங்களுக்கா, அவளுக்கா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

உங்கள் கட்டிலடியில் இருந்து, இந்த நோயைப் பற்றி ஒருவரிடமும், வாணியிடம்கூட, மூச்சு விடமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அதை நாளைக்கு முறிக்கப் போகிறேன். முதலில் இவரிடம், பிறகு வாணியிடம். சரியோ பிழையோ தெரியாது. உங்கள் மகள் அழுதால் பக்கத்தில் இருப்பேன், ஏசினால் கேட்டுக்கொண்டிருப்பேன். இனி உங்களுக்கு நான் தரக்கூடிய வாக்கு இவ்வளவுதான்.

உங்கள் கடைசித் தங்கச்சி,
சரசு