முழுப் பெயர் சொன்னால் மட்டும் வா

லா பாஸ்,
ஆஸ்பத்திரி கருவி அறை,
சனிக்கிழமை மத்தியானம்.

அன்புள்ள நோயெமி லாருத்தாவுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் உயிரோடும் பசியோடும் இருக்கிறோம். கொபீஹாவில் நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்பதுதான் என் ஆசை, ஆனால் நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தபிறகு பசி விஷயத்தில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கழுத்தெலும்பு தெரிகிறது. பல் காட்டியிருக்கிறாய், அது சிரிப்பு இல்லை. சுற்றி வளைக்க எனக்கு வராது, நேராகவே கேட்கிறேன், கிளினிக்கில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் எதைத் தின்னவேண்டும் எதைத் தின்னக்கூடாது என்று சொல்லிக்கொடுக்கிற நீ இன்று காலையில் என்ன சாப்பிட்டாய்? போனில் கேட்காமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். இது வீட்டில் வாய் திறந்து பேச முடியாத விஷயம், பேசினால் கேட்கிறது. அதனால்தான் வேலை இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதி பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். பொறுமையாகக் கடைசிவரை படி. எனக்குப் பொறுமை கிடையாது, உனக்காவது இருக்கட்டும்.

முதலில் உனக்குப் பிடித்த செய்தி. நீ குரல் செய்தியில் திட்டித் திட்டி அனுப்பியதையெல்லாம் செய்கிறேன். காலையில் இறைச்சி வைத்துச் சுட்ட சால்தேனியா கிடையாது. மத்தியானத் தட்டில் பாதி காய், மீதியில்தான் கிழங்கும் இறைச்சியும். உப்பு டப்பாவை உன் அம்மா மேல் அலமாரிக்கு ஏற்றிவிட்டாள். வேலைக்கு மினிபஸ் பிடிப்பதில்லை, படிக்கட்டு வழியாகவே ஏறிப் போகிறேன். ஆரம்பத்தில் பாதியிலேயே உட்கார்ந்து தெருநாய்களோடு சேர்ந்து மூச்சு வாங்கினேன், இப்போது நிற்காமல் ஏறுகிறேன். எக்ஸ்ரே பிரிவு ஃபெலிக்ஸ் பார்த்துவிட்டு, என்னடா குரோவர், பஸ்காரன் இறக்கி விட்டுட்டானா, இல்ல பொண்ணு புடிச்சு மேய்க்குதா என்றான். மேய்க்குதுதான், அதுவும் கொபீஹாவுல இருந்துகிட்டே என்றேன். தெருமுனையில் ஆப்பிள் போட்டுக் காய்ச்சிய கினுவாக் கஞ்சி விற்கிற எவுலோஹியா அக்காவிடம் தினமும் ஒரு டம்ளர், சர்க்கரை இல்லாமல். சக்கர இல்லாம குடிக்கிறதுக்கு நீ நோயாளியா சாமியாரா, ரெண்டுல ஒண்ணச் சொல்லு என்று அவள் தினமும் கேட்கிறாள். ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. டாக்டர் நம்பாமல் கையில் மறுபடி பட்டையைச் சுற்றினார், கருவி சரியாத்தான் இருக்கு டாக்டர், அத ரிப்பேர் பண்ணினவனே நான்தான் என்றேன். ஆக உன் படிப்பு வேலை செய்கிறது. உன்னிடம் மட்டும் ஏன் செய்யவில்லை என்பதுதான் கேள்வி.

எல்லாம் பிப்ரவரியில் தொடங்கியது. விடுமுறை முடிந்து நீ திரும்பிப் போகும்போது யுங்காஸ் சாலையில் மலை சரிந்தது. உன் பஸ்ஸுக்கு முன்னால் போன வேன் மண்ணுக்குள் போனதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாய். அப்புறம் சகதியைக் கடந்து அந்தப் பக்கம் நின்ற பஸ்ஸுக்கு எல்லோரையும் நடக்கவைத்தார்கள். நீ முழங்கால்வரை இறங்கி விழுந்து எழுந்து போனாய். போனில் என்னிடம், ஒண்ணும் ஆகலப்பா, சேறுதான், குளிச்சா போயிடும் என்றாய். அன்றிலிருந்து உனக்குச் சோறு மண்ணாக இருக்கிறது, தூக்கம் இல்லை, பேசும்போது பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு என்ன சொன்னேன் என்று என்னையே கேட்கிறாய். ரத்தம் பார்த்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள், எல்லாம் சரி. டென்ஷன்தான்ப்பா, மூச்சுப்பயிற்சி பண்றேன், சரியாயிடும் என்கிறாய். சரியாகவில்லை. நான் கருவி பழுதுபார்க்கிறவன். ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக நன்றாக இருந்தும் இயந்திரம் ஓடவில்லை என்றால் அதற்குமேல் பாகத்தை நோண்டக்கூடாது, சுவரில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்கவேண்டும்.

உன் அம்மா லுர்தெஸ் இதையேதான் சொன்னாள், வேறு பாஷையில். உடம்புதான் பஸ் ஏறிப் போயிருக்கு, அவ அஹாயு அந்தச் சேத்துலயே நின்னுட்டிருக்கு, பயந்த எடத்துல உயிர் நின்னு போகும், யாராவது போய் வான்னு கூட்டிட்டு வரணும், யாரும் போகல என்றாள். ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்துல ரத்தம் சோதிக்கிறவ பேசற பேச்சா இது என்று கத்தினேன். ரத்தத்துல அது தெரியாது, அதான் உன்னப் போகச் சொல்றேன் என்றாள். வாரக்கணக்கில் சண்டை. கடைசியில் அவள் தொல்லை தாங்காமல்தான் போனேன், நம்பிக்கையால் இல்லை. உன் பழைய பள்ளிக்கூட ஸ்வெட்டரையும் ஒரு சின்ன மணியையும் பையில் போட்டுக் கொடுத்தாள். முழுப் பெயரையும் சத்தமாச் சொல்லிக் கூப்பிடு, மணி அடி, துணிய ஆட்டு, வரும்போது திரும்பிப் பாக்காத, அவ்வளவுதான் என்று மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லி அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல், மலை சரிந்த அதே இடம். அங்கே நடுப்பகல் என்பது வெள்ளையாக இருக்கும் நேரம், அவ்வளவுதான், மேகம் சாலைமேல் உட்கார்ந்திருந்தது. மண் அள்ளும் இயந்திரம் எங்கோ பக்கத்தில் உறுமியது, கண்ணுக்குத் தெரியவில்லை. மஞ்சள் களிமண்ணில் இன்னும் வேனின் கண்ணாடித் துண்டுகள் கிடந்தன. சிவப்புக்கொடி பிடித்து நின்ற ஆள் என் கையில் இருந்த ஸ்வெட்டரைப் பார்த்து, என்ன மாஸ்டர், துணி காயப்போட வந்தீங்களா, இங்க வெயிலே வராதே என்று சிரித்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மணியை உள்ளங்கைக்குள் மூடி ஒரு தடவை அசைத்தேன். பெயரைச் சொல்லிக் கத்தவில்லை. வாய்க்குள்ளேயே, வா மகளே, வீட்டுக்குப் போலாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். இயந்திரச் சத்தம் சட்டென்று நின்றது. முதுகுக்குப் பின்னால் சேற்றிலிருந்து காலை உருவுகிற சத்தம் கேட்டது, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. தளர்ந்த மண் வழுக்குகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனாலும் திரும்பவில்லை. திரும்பும் வழியில் மினிபஸ்ஸில் காசு வாங்குகிற பெண், மாஸ்டர், பாப்பாவ மடியில வெச்சுக்குங்க, இல்லேன்னா அந்த சீட்டுக்கும் காசு குடுங்க என்றாள். தூக்கக் கலக்கத்தில் உளறுகிறாள் என்று நினைத்துப் பையைத் தூக்கி மடியில் வைத்தேன். அவள் சமாதானமாகிவிட்டாள். தெருமுனையில் எவுலோஹியா அக்கா இரண்டு டம்ளரில் ஊற்றினாள். ஒண்ணு போதும்க்கா என்றேன். உனக்கு ஒண்ணு போதும், அதுக்கு? காலுக்குப் பின்னாலயே ஒளியுதே, வெட்கமா என்று குனிந்து என் பின்னால் பார்த்துச் சிரித்தாள்.

உன் அம்மா வீட்டு வாசலிலேயே என் முகத்தைப் பார்த்துவிட்டு நேராக உள்ளே போய் உன் இடத்தில் தட்டு வைத்தாள். அன்று நிலக்கடலைச் சூப். எனக்கு ஒரு தட்டு, அவளுக்கு ஒன்று, உனக்கு ஒன்று. நாங்கள் சாப்பிட்டு முடித்தபின் வீணாக்க மனமில்லாமல் உன் தட்டையும் நான் எடுத்தேன். வாயில் வைத்தால் வெந்நீர். கடலை இல்லை, இறைச்சி இல்லை, பூண்டுகூட இல்லை. பார்க்க அப்படியே இருந்தது, ருசி மட்டும் இல்லை. உப்பைக் குறைத்ததால் என் நாக்கு கெட்டுவிட்டதோ என்று என் தட்டில் ஒட்டியிருந்ததை வழித்துப் பார்த்தேன், அது நன்றாகவே இருந்தது. லுர்தெஸிடம் கொடுத்தேன். ருசி பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள், கண் கலங்கியிருந்தது. சாப்பிட்டிருக்கா பாரு, நல்லா சாப்பிட்டிருக்கா என்றாள். அதற்குப்பின் தினமும் அப்படித்தான், ரொட்டி வைத்தால் பஞ்சாகிறது, பழம் வைத்தால் ஈர மரத்தைக் கடிப்பதுபோல் இருக்கிறது. நான்கூட உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், ஒத்துக்கொள்ள விருப்பமில்லை, ஆனால் பட்டேன். இனி உனக்குப் பசி எடுக்கும் என்று நினைத்தேன். அப்புறம் நீ அந்தப் போட்டோவை அனுப்பினாய்.

அதைப் பார்த்தபிறகுதான் மூளை வேலை செய்தது. நிலக்கடலை. உனக்கு நிலக்கடலை ஆகாது, சின்ன வயதில் ஒரு கடலை மிட்டாயைத் தின்று முகமெல்லாம் வீங்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், அதற்குப் பிறகு நீ அதைத் தொட்டதே இல்லை. உன் இடத்தில் உட்கார்ந்து அதன் ருசியையெல்லாம் உறிஞ்சியது நீ இல்லை. உன் அறைக்குப் போய்ப் பார்த்தேன். உன் அலமாரிக் கதவில், என் இடுப்புக்கும் கீழே, ஐந்து விரல் பதிந்த மஞ்சள் மண். லா பாஸில் எங்கும் அந்த நிற மண் கிடையாது. துடைத்தால் போகிறது, மறுநாள் அதே உயரத்தில் இருக்கிறது. வேனில் போனவர்களில் ஒரு சின்னப் பெண்ணை மட்டும் கடைசிவரை எடுக்கவே முடியவில்லை என்று அப்போது ரேடியோவில் சொன்னார்கள், நினைவிருக்கிறதா? உன் அம்மாவைக் கேட்டேன். மொத நாளே தெரியும் என்றாள். தட்டு வெச்சப்ப மேசையே அதுக்கு எட்டல, நாற்காலி தானா நெருங்கி வந்துச்சு, நீ சூப்பப் பாத்துட்டிருந்த என்றாள். அப்போ ஏண்டி சொல்லல என்றால், என்னையே திருப்பிக் கேட்கிறாள், அத யாரும் போய்க் கூப்பிடல குரோவர், கூப்பிட ஆளும் மிஞ்சல, நீ மகளேன்னு சொன்ன, அது தன்னத்தான்னு நெனச்சு வந்துடுச்சு, வரச் சொல்லிட்டு இப்போ போன்னு சொல்லுவியா? நோயெமி கதி என்ன என்று மட்டும் கேட்டேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே, மறுபடி போ, இந்தத் தடவ பேரச் சொல்லு என்றாள்.

ஆகவே போகிறேன், வருகிற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு. சின்னதற்கு வேறு தட்டு, வேறு நாற்காலி போட்டுவிட்டேன், உன் இடத்தில் இனி அது உட்காராது, உனக்கென்று வைப்பதை அது தின்னாது. அதை விரட்டும் எண்ணம் எனக்கும் இல்லை. ஆனால் நீ இன்னும் அந்தச் சகதியில்தான் நிற்கிறாய், மழைக்காலம் வந்தால் அந்த இடமே பள்ளத்தாக்குக்குள் போய்விடும் என்று சாலைக்காரர்கள் சொல்கிறார்கள், பிறகு எங்கே நின்று கூப்பிடுவது? அதனால் சொல்வதைக் கேள். நாலு நாள் உடுத்திய சட்டை ஒன்றைத் துவைக்காமல் இதே டிரைவரிடம் கொடுத்தனுப்பு. துவைத்த ஸ்வெட்டரை எடுத்துப் போனதும் ஒரு தப்பு, அதில் சோப்பு வாசனைதான் இருந்தது, நீ இல்லை. அதுவரைக்கும் உடம்பைக் காப்பாற்று, திரும்பி வருகிறவள் நுழைவதற்கு ஒரு வீடு வேண்டாமா? பசி இல்லாவிட்டாலும் நேரத்துக்கு நாலு வாய் சாப்பிடு. காலையில் முட்டையும் வாழைப்பழமும், மத்தியானம் உங்கள் ஆற்று மீனும் பயறும், சோறு இறங்காவிட்டால் சூப்பாகக் குடி. வெயில் ஏறுமுன் ஆற்றோரம் நட, வேகம் வேண்டாம், கால் தரையில் படுவதைக் கவனித்து நட. சாயங்காலம் காபி வேண்டாம், படுக்கையில் போன் வேண்டாம், மூச்சுப்பயிற்சியை விடாதே. இதெல்லாம் நீ எனக்குச் சொன்னதுதான்.

அந்த ஞாயிறு நடுப்பகலில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வெளியே மண்ணில் வெறுங்காலோடு நில். நோயெமி லாருத்தா என்று முழுசாகக் காதில் விழுந்தால் சத்தமாக வர்றேன் என்று சொல். வெறும் மகளே என்று கேட்டால் வாயைத் திறக்காதே, என் குரலாகவே இருந்தாலும் திறக்காதே, இங்கே அந்தப் பெயருக்கு ஆள் வந்துவிட்டது. இனிமேல் போனிலும் கடிதத்திலும் உன்னை முழுப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. கடவுளும் மலைகளும் உன்னை நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும், உன் எலும்புமேல் சதையும் உன் சதைக்குள் நீயும் வந்து சேரட்டும். உன் அம்மா முத்தம் அனுப்புகிறாள். சட்டையை மறக்காதே. வழக்கம்போல் அப்பா என்று கையெழுத்துப் போட மாட்டேன், சற்றுமுன் இந்தத் தாளில் அந்தச் சொல்லை எழுதியபோதே, வீட்டில் இருக்கிறது என்று நான் நினைத்த சின்னது என் மேசைக்குக் கீழிருந்து என்னப்பா என்று கேட்டது.

இப்படிக்கு,
குரோவர் லாருத்தா